ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் பதிவிறக்க: நேரமும் டேட்டாவும் வீணாகாத வழிமுறை

தமிழ் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் உள்ள நூல்களை ஓர் ஆய்வுக்காக மொத்தமாக எடுக்க வேண்டியிருந்தது. அங்கே அச்சு நூலின் ஒவ்வொரு பக்கமும் தனி இணையப் பக்கமாக இருக்கிறது. ஒன்றில் இருப்பது சில கே.பி. எழுத்துதான், ஆனால் ஒரு நூலுக்கே இருநூறு, முந்நூறு பக்கங்கள். இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டும் வேலை முடியவில்லை. ஆங்காங்கே கிடைத்த துண்டுத் தகவல்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துத்தான் வழி புரிந்தது. வானிலைத் தரவு, வரைபடத் துண்டுகள், ஒலித் துணுக்குகள், பழைய இதழ்களின் பக்கப் படங்கள் என எதைத் திரட்டினாலும் இதே சிக்கல்தான் வரும். நீங்கள் அந்த அலைச்சலைப் படவேண்டாம் என்பதற்காகச் செய்யவேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

நிரல்களின் தேர்வுப் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். கட்டளை வரியில் அவற்றை ஆங்கில எழுத்தில், முன்னால் இரண்டு சிறு கோடுகளுடன் தட்டச்சு செய்யவேண்டும்.

1. நேரம் எங்கே போகிறது என்று முதலில் அளந்து பாருங்கள்

வேகமான இணையத் திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்று பலரும் கூடுதல் பணம் கட்டுகிறார்கள். இந்த வேலைக்கு அது அநேகமாகப் பயன்படாது. சிறு கோப்புகளில் நேரத்தைத் தின்பது கோப்பின் அளவு அல்ல. உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் இடையே செய்தி போய்த் திரும்பும் நேரம். அப்படி ஒருமுறை போய்வருவதை இங்கே ஒரு ‘நடை’ என்று வைத்துக்கொள்வோம்.

புதிதாக ஓர் இணைப்பைத் திறக்க டி.சி.பி. என்ற அடிப்படை நெறிமுறைக்கு ஒரு நடை வேண்டும். அதன்மேல் பாதுகாப்புக்கான டி.எல்.எஸ். 1.3 என்றால் இன்னொரு நடை, பழைய டி.எல்.எஸ். 1.2 என்றால் இரண்டு. அதற்குப் பிறகுதான் “இந்தக் கோப்பைக் கொடு” என்ற கோரிக்கையே கிளம்பும். அது ஒரு நடை. ஆக, மூன்று கே.பி. கோப்பு ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு நடை. புதிய இணைப்பில் சர்வர் முதல் தவணையாகவே பொதுவாகப் பத்துப் பொட்டலங்களை (பாக்கெட்), அதாவது ஏறத்தாழ 14 கே.பி. வரை அனுப்பிவிடும். எனவே கோப்பு 2 கே.பி.யாக இருந்தாலும் 12 கே.பி.யாக இருந்தாலும் காத்திருப்பு ஒன்றுதான். உங்கள் இணைப்பு 40 எம்.பி.பி.எஸ். என்பதும் 300 எம்.பி.பி.எஸ். என்பதும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஒரு நடைக்கு 250 மில்லி விநாடி ஆகும் தொலைதூர சர்வர், தலா 3 கே.பி. கொண்ட 10,000 கோப்புகள் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மொத்தத் தரவு 30 எம்.பி. மட்டுமே. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் புது இணைப்பு என்றால், டி.எல்.எஸ். 1.3 இருந்தாலும் 7,500 விநாடி, அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டால் 2,500 விநாடி, சுமார் 42 நிமிடம். அத்தகைய ஆறு இணைப்புகளில் பகிர்ந்து கேட்டால் ஏழு நிமிடம். எல்லாம் ஒரே சுருக்கக் கோப்பாகக் கிடைத்தால் சில விநாடிகள். கோப்புகளும் அவையே, இணையமும் அதுவே.

டேட்டாவும் இப்படித்தான் வீணாகிறது. ஒவ்வொரு புது டி.எல்.எஸ். இணைப்பிலும் சர்வர் தன் சான்றிதழ்களை அனுப்புகிறது. பெரும்பாலும் அதற்கே மூன்று முதல் ஐந்து கே.பி. ஆகும். பத்தாயிரம் முறை என்றால் 30 முதல் 50 எம்.பி.! கோப்புகளின் அளவை அது எட்டிவிடும், மிஞ்சவும் கூடும். தினசரி வரம்புள்ள மொபைல் திட்டத்தில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும்.

உங்கள் நிலையை அறிய, பிங் கட்டளையில் சர்வரின் பெயரைக் கொடுத்தால் ஒரு நடைக்கான நேரம் தெரியும். சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாது. அப்போது கட்டளை வரியில் பதிவிறக்க உதவும் கர்ல் நிரலின் ‘ரைட் அவுட்’ தேர்வைப் பயன்படுத்துங்கள். பெயர் தேடிய நேரம், இணைப்பு கிடைத்த நேரம், பாதுகாப்பு உறுதியான நேரம், முதல் பைட் வந்த நேரம், மொத்த நேரம் என்று தனித்தனியாகக் காட்டும். இணைப்பு கிடைத்த நேரத்திலிருந்து பெயர் தேடிய நேரத்தைக் கழித்தால் ஏறக்குறைய ஒரு நடை. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, உங்கள் கோப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். விடை பத்து நிமிடத்துக்குள் அடங்கினால் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டியதில்லை, நேராகப் பதிவிறக்கிவிடுங்கள்.

2. மூட்டையாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள்

நிரல் எழுத உட்காருவதற்கு முன் அரை மணி நேரத்தை இதற்குச் செலவிடுங்கள். பல நாள் வேலை இங்கேயே முடிந்துவிடக்கூடும்.

விக்கிமீடியா தன் எல்லாத் திட்டங்களின் உரையையும் சுருக்கிய கோப்புகளாக அவ்வப்போது வெளியிடுகிறது. தமிழ் விக்கிமூலத்துக்கும் அது உண்டு. ஒரே ஒரு நூல் போதும் என்றால், விக்கிமூலத்துடன் இணைந்த ஏற்றுமதிக் கருவி முழு நூலையும் ஈபப் மின்னூல் கோப்பாகக் கொடுத்துவிடும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் வரைபடத் துண்டுகளைப் பொதுச் சர்வரிலிருந்து மொத்தமாக இறக்குவதற்கு அனுமதியே இல்லை. ஆனால் ‘பிளானட்’ என்ற பெயரில் உலகம் முழுவதற்குமான தரவு ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. நாடு, பகுதி வாரியாகப் பிரித்துத் தரும் தளங்களும் உள்ளன. புராஜெக்ட் குட்டன்பர்க் தன் தொகுப்பை ஆர்சிங்க் வழியாக நகலெடுக்க வழி வைத்திருக்கிறது. ஆர்சிங்க் ஒரே இணைப்பில் கோப்புகளைத் தொடர்ச்சியாக அனுப்பும். அடுத்த முறை மாறியவற்றை மட்டும் அனுப்பும். சிறு கோப்புகளுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி அரிது.

தளத்தில் எதுவும் கண்ணில் படாவிட்டால் நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ன வேண்டும், எதற்காக, எத்தனை கோப்புகள் என்று மூன்று வரி போதும். சிறிய கல்லூரி நூலகம், தன்னார்வலர் நடத்தும் தொகுப்பு போன்ற இடங்களில் ஒரு டார் கோப்பாகக் கட்டிக் கொடுப்பது அவர்களுக்கும் எளிது. பதில் வரும்வரை அடுத்த படிகளுக்கான ஆயத்தங்களைச் செய்யலாம்.

பொறி: மொத்தக் கோப்பு சில வாரம் பழையதாக இருக்கலாம். அதற்காக அதை ஒதுக்காதீர்கள். பழைய மூட்டையை இறக்கிக்கொண்டு, அதற்குப் பிறகு மாறியவற்றை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

3. ஒரே கோரிக்கையில் பலவற்றைக் கேளுங்கள்

மூட்டை இல்லையென்றால் அடுத்த கேள்வி, அந்தத் தளத்துக்கு ஏ.பி.ஐ. (நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்பதற்கான வாயில்) இருக்கிறதா என்பது. மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளில் இயங்கும் எல்லாத் தளங்களுக்கும், விக்கிமூலம் உட்பட, இது உண்டு. சாதாரணப் பயனர் ஒரே கோரிக்கையில் 50 பக்கங்களின் தலைப்புகளைச் செங்குத்துக் கோட்டால் பிரித்துக் கொடுத்து, அவற்றின் உரையைச் சேர்த்தே வாங்கலாம். பத்தாயிரம் பக்கங்கள் 200 கோரிக்கைகளில் முடிந்துவிடும். சர்வர் தேடி எடுக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் சில நிமிட வேலை. ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்காமலேயே இந்த வேகம் கிடைக்கிறது என்பதால், இருக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தமிழ்த் தலைப்புகளுக்கு மட்டும் ஒரு பெரிய இடர் உண்டு. இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்தாக மாறும். அதாவது ‘க’ என்ற ஓரெழுத்துக்கு முகவரியில் ஒன்பது எழுத்து. ‘கு’ என்பது இரண்டு குறியீடு, அதற்குப் பதினெட்டு. முப்பது குறியீடு கொண்ட ஐம்பது தலைப்புகளைச் சேர்த்தால் முகவரி 13,500 எழுத்தைத் தாண்டும். பல வலைச் சர்வர்கள் இயல்பாக 8 கே.பி. அளவுக்கு மேல் முகவரியை ஏற்பதில்லை. 414 என்ற பிழை வரும். ஆங்கிலத் தலைப்புகளை வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு விடை கிடைக்காது. தீர்வு எளிது: ‘கெட்’ முறைக்குப் பதிலாக ‘போஸ்ட்’ முறையில் அனுப்புங்கள். தலைப்புகள் கோரிக்கையின் உடலுக்குள் போய்விடும், முகவரி நீளாது. அல்லது தலைப்புக்குப் பதிலாகப் பக்க எண்களைக் கொடுங்கள்.

இன்னொரு பொறி: பதில் மிகப் பெரிதானால் ஏ.பி.ஐ. ஒரு பகுதியை மட்டும் தந்து, ‘கன்டினியூ’ என்ற மதிப்பை உடன் அனுப்பும். அந்த மதிப்பை அடுத்த கோரிக்கையில் சேர்த்துத் தொடர்ந்து கேட்டால்தான் மீதி வரும். அதைக் கவனிக்காவிட்டால் பிழை எதுவும் காட்டாமலே பக்கங்கள் விடுபட்டுப் போகும். எத்தனை தலைப்பு கேட்டீர்கள், எத்தனை உரை வந்தது என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க நிரலில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

4. தேவையான ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

மூட்டையும் இல்லை, ஏ.பி.ஐ.யும் இல்லை என்றால் தனித்தனிக் கோப்பாக இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கட்டளையை ஓட்டுவதற்கு முன் இவை கையில் இருக்கட்டும்.

முதலாவது, முகவரிப் பட்டியல். ஒரு வரிக்கு ஒரு முகவரியாக எளிய உரைக் கோப்பு. இரட்டிப்புகளை நீக்கிவிடுங்கள். முகவரிகள் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் வடிவில் தொடங்கட்டும். பழைய எச்டிடிபி வடிவில் கொடுத்தால் சர்வர் உங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். அந்தத் திருப்பம் ஒவ்வொரு கோப்புக்கும் கூடுதல் நடை. பட்டியலில் ஒன்றிரண்டை மட்டும் இறக்கி, திருப்பிவிடுதலைக் குறிக்கும் 301 அல்லது 302 பதில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், திருப்பிவிடப்படும் கடைசி முகவரியையே பட்டியல் முழுக்க மாற்றி எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, தளத்தின் விதிகள். தானியங்கி நிரல்களுக்கான விதிகள் உள்ள ரோபோட்ஸ் டெக்ஸ்ட் கோப்பு, பயன்பாட்டு விதிமுறைப் பக்கம் இரண்டையும் படியுங்கள். கோரிக்கைகளுக்கு இடையே எத்தனை விநாடி விடவேண்டும், எந்த அடைவுகளைத் தொடக்கூடாது என்பன அங்கே இருக்கும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் நாமினாட்டிம் என்ற முகவரி தேடும் பொதுச் சேவைக்கு விநாடிக்கு ஒரு கோரிக்கைதான் உச்சம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே நேரத்தில் பலவற்றை இறக்கும், 6-ஆம் படியில் வரும் உத்திகள் எதையும் பயன்படுத்தாதீர்கள்.

மூன்றாவது, உங்கள் அடையாளம். யூசர் ஏஜென்ட் என்ற ஹெடரில் (கோரிக்கையுடன் போகும் குறிப்பு வரியில்) உங்கள் திட்டத்தின் பெயரையும் தொடர்பு மின்னஞ்சலையும் எழுதுங்கள். சிக்கல் என்றால் நிர்வாகி உங்களைத் தடுப்பதற்கு முன் ஒரு கடிதம் எழுத வாய்ப்பிருக்கிறது. உலாவியின் பெயரைப் போட்டு ஏமாற்ற முயன்றால் அந்த வாய்ப்பு போய்விடும்.

5. திறந்த இணைப்பை மூடாதீர்கள்

இணைப்பைத் திறந்து வைத்தே அடுத்தடுத்த கோப்புகளைக் கேட்கும் வசதி கோரிக்கையும் பதிலும் பரிமாறும் நெறிமுறையின் 1997-இல் வெளியான பதிப்பான எச்டிடிபி/1.1-இலிருந்தே இயல்பாக உண்டு. இருந்தும் பெரும்பாலான தொடக்கநிலை நிரல்களில் அது வேலை செய்வதில்லை. நிரல் எழுதும் விதமே அதைக் கெடுத்துவிடுகிறது.

முகவரிப் பட்டியலை ஒரு சுழற்சியில் விட்டு, ஒவ்வொரு வரிக்கும் கர்ல் கட்டளையைக் கூப்பிடும் ஸ்கிரிப்ட் இணையம் முழுக்கக் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் கர்ல் புதிதாகத் தொடங்கி, புது இணைப்பைத் திறந்து, ஒரு கோப்பை எடுத்து, மூடிவிட்டுச் செத்துப்போகிறது. பட்டியலின் வரிகளைக் கட்டளைக்கு எடுத்துக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் மூலம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாலும் இதே கதைதான். பல கோப்புகளை ஒரே கர்ல் கட்டளைக்குள் கொடுத்தால் மட்டுமே இணைப்பு மறுபடி பயன்படும். பட்டியல் நீளமாக இருக்கும்போது ‘கான்ஃபிக்’ தேர்வில் ஒரு கோப்பைக் கொடுங்கள். அதில் ஒவ்வொரு முகவரியையும் அது சேமிக்கப்படவேண்டிய பெயரையும் வரிவரியாக எழுதிவிடலாம். கர்லைப் போன்ற டபிள்யூகெட் நிரலுக்கு ‘இன்புட் ஃபைல்’ என்ற தேர்வில் பட்டியலைக் கொடுத்தால், ஒரே சர்வரின் கோப்புகளுக்கு இணைப்பை அதுவே தக்கவைத்துக்கொள்ளும்.

பைத்தானில் எழுதுபவர்களுக்கு: ரிக்வெஸ்ட்ஸ் தொகுப்பின் ‘கெட்’ செயற்கூற்றை நேரடியாகக் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் புது இணைப்பு. சுழற்சிக்கு வெளியே ‘செஷன்’ ஒன்றை உருவாக்கி, அதன் வழியாகக் கேளுங்கள். ஒரு வரி மாற்றம்தான். மேலே போட்ட கணக்கில் இரண்டு மணி நேரம் என்பது 42 நிமிடமாகக் குறைவது இந்த வரியால்தான். பதிலை ‘ஸ்ட்ரீம்’ முறையில் வாங்குகிறீர்கள் என்றால் உடலை முழுவதும் படித்து முடியுங்கள். பாதியில் விட்டால் அந்த இணைப்பு மறுபயனுக்குத் திரும்பாது.

பொறி: சர்வரும் இணைப்பை மூடும். அப்பாச்சி என்ற வலைச் சர்வர் மென்பொருளின் இயல்பு அமைப்பில் ஓர் இணைப்பில் 100 கோரிக்கைதான். ஐந்து விநாடி சும்மா இருந்தாலும் மூடிவிடும். கோப்புகளுக்கு இடையே பத்து விநாடி இடைவெளி விட்டுக்கொண்டு, இணைப்பு ஏன் நிலைக்கவில்லை என்று தேடுவதில் பயனில்லை.

6. இணையாக இறக்குங்கள், ஆனால் அளவோடு

முந்தைய படியைச் சரிசெய்யாமல் இங்கே வந்தால் கேடுதான். புதுப்புது இணைப்புகளை நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் திறப்பது சர்வருக்குத் தாக்குதலாகவே தெரியும். உங்கள் கணினியிலும் மூடிய இணைப்புகளுக்கு ஒதுக்கிய எண்கள் (போர்ட்) சிறிது நேரம் விடுபடாமல் நிற்பதால், ஒரு கட்டத்தில் புதிதாகத் திறக்கவே முடியாமல் போகும்.

சர்வர் எச்டிடிபி/2 பேசுகிறதா என்று முதலில் பாருங்கள். கர்லின் ‘ரைட் அவுட்’ தேர்விலேயே எச்டிடிபி பதிப்பைக் கேட்கலாம். 2015-இல் வந்த இந்த நெறிமுறையில் ஒரே இணைப்புக்குள் பல கோரிக்கைகள் ஒன்றாகப் போகும். முந்தைய பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாக் கோரிக்கைகளிலும் திரும்பத் திரும்ப வரும் ஹெடர்களும் சுருக்கப்படுகின்றன. நம் வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. கர்லில் ‘பேரலல்’ என்ற தேர்வு போதும், 7.66 பதிப்பிலிருந்து, அதாவது 2019-இலிருந்து கிடைக்கிறது. இயல்பாக ஒரே நேரத்தில் 50 வரை கேட்கும். அது பலருக்கு அதிகம். ‘பேரலல் மேக்ஸ்’ தேர்வில் 10 என்று குறைத்துத் தொடங்குங்கள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் எச்டிடிபி/2 பேசாது. எச்டிடிபிஎக்ஸ் தொகுப்பு பேசும், ஆனால் அந்த வசதியை நீங்களே இயக்கவேண்டும்.

சர்வர் எச்டிடிபி/1.1 மட்டும் என்றால் நான்கு முதல் ஆறு இணைப்புகள் போதும். உலாவிகளும் ஒரு தளத்துக்கு ஆறுதான் திறக்கின்றன. எண்ணிக்கையை மெதுவாகக் கூட்டி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை கோப்பு வருகிறது என்று பாருங்கள். கூட்டியும் அது உயரவில்லை என்றால் முந்தைய எண்ணுக்குத் திரும்பிவிடுங்கள். ஏரியா2 என்ற பதிவிறக்க நிரலைப் பயன்படுத்துபவர்கள் ஒரு கோப்பைப் பல துண்டாகப் பிரிக்கும் தேர்வை நாடவேண்டாம். அது பெரிய கோப்புகளுக்கானது; 3 கே.பி. கோப்பில் பிரிக்க ஒன்றுமில்லை. ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு என்ற தேர்வுதான் உங்களுக்கு உரியது.

மொபைல் இணையம் போல அடிக்கடி பொட்டலம் தொலையும் இடத்தில் எச்டிடிபி/2-இன் ஒற்றை இணைப்பு தடுமாறும். தொலைந்த ஒன்று திரும்பி வரும்வரை அதே இணைப்பில் உள்ள மற்ற பதில்களும் நிற்கும். 2022-இல் முறைப்படி வெளியான எச்டிடிபி/3 இதைத் தீர்க்கிறது. உங்கள் நிரலும் சர்வரும் அதற்கு ஆயத்தமாக இல்லாவிட்டால் இரண்டு, மூன்று இணைப்புகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கோரிக்கைகள் மிகுந்துவிட்டன என்ற 429 பதிலோ, இப்போது சேவை தர இயலாது என்ற 503 பதிலோ வந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். ‘ரிட்ரை ஆஃப்டர்’ என்ற ஹெடரில் எத்தனை விநாடி பொறுக்கவேண்டும் என்று சர்வர் பெரும்பாலும் சொல்லியிருக்கும்; அதை மதியுங்கள். நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நியூயார்க்கில் நள்ளிரவு என்றால் நமக்கு முற்பகல். அமெரிக்கக் கிழக்குக் கரையின் சிறிய கல்லூரிச் சர்வரிலிருந்து இறக்குவதற்கு அதுவே நல்ல வேளை.

7. சுருக்கம், குக்கி

உரைக் கோப்புகள் என்றால் கர்லில் ‘கம்ப்ரஸ்ட்’ தேர்வைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் எடுப்பதால் நன்றாகவே சுருங்கும். ஜேபெக் படங்களுக்கு இதனால் பயனில்லை. தேவையற்ற குக்கிகளை அனுப்பாதீர்கள், எச்டிடிபி/1.1-இல் அவை ஒவ்வொரு கோரிக்கையிலும் முழுதாகப் போகும்.

8. வட்டில் இடமும் விடுபடாத பட்டியலும்

பெரும்பாலான கோப்பு முறைமைகள் 4 கே.பி. கட்டங்களாகவே இடம் ஒதுக்குகின்றன. ஐந்நூறு பைட் கோப்பும் வட்டில் 4 கே.பி. பிடிக்கும். இலட்சம் கோப்புகளை ஒரே அடைவில் கொட்டினால் பட்டியலிடுவதே பாடாகிவிடும். நூல் வாரியாகத் துணை அடைவுகள் வையுங்கள், அல்லது நேரடியாக எஸ்கியூலைட் தரவுத்தளம் ஒன்றில் எழுதிவிடுங்கள். பிறகு வேறு கணினிக்கு மாற்றும்போதும் ஒரே கோப்பாக இருப்பது பெரிய நிம்மதி.

மின்சாரம் போனால் நின்ற இடத்திலிருந்து தொடரும் வகையில் அமைப்பதும் முக்கியம். ஒவ்வொரு கோப்பையும் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்த பிறகு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். இருக்கும் கோப்பைத் தாண்டிச் செல்லும் டபிள்யூகெட்டின் ‘நோ க்ளாபர்’ தேர்வு, பாதியில் நின்ற கோப்பையும் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளும். கர்லில் ‘ஃபெயில்’ தேர்வைக் கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் 404 பிழைப் பக்கம் உங்கள் கோப்பின் பெயரிலேயே சேமிக்கப்பட்டுவிடும். இறுதியில் கோப்புகளை அளவுவாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். துல்லியமாக ஒரே அளவில் நிறையக் கோப்புகள் இருந்தால் அவற்றில் ஒன்றைத் திறந்து படியுங்கள்; அநேகமாக அது பிழைச் செய்தியாக இருக்கும்.

9. அடுத்த முறை மாறியதை மட்டும்

முதல் பதிவிறக்கத்தின்போதே ஒவ்வொரு கோப்பின் ‘ஈடேக்’ மதிப்பையும் (அந்தக் கோப்பின் பதிப்பை அடையாளம் காட்ட சர்வர் தரும் குறி) கடைசியாக மாறிய நேரத்தையும் சேமித்து வையுங்கள். மறுமுறை அவற்றைச் சேர்த்துக் கேட்டால், மாறாத கோப்புக்குச் சர்வர் 304 என்ற பதிலை உடலின்றி அனுப்பும். கர்லில் இதற்கெனத் தனித் தேர்வுகள் உண்டு. டபிள்யூகெட்டில் ‘டைம்ஸ்டாம்பிங்’ தேர்வு நேரத்தை ஒப்பிட்டு இதையே செய்யும். இதில் டேட்டா மிச்சமாகும், நடை மிச்சமாகாது. பத்தாயிரம் கோப்புக்கும் பத்தாயிரம் முறை கேட்டுத்தான் தீரவேண்டும். எனவே மாறியவற்றின் பட்டியலைத் தரும் வசதி தளத்தில் இருந்தால் அதையே முதலில் கேளுங்கள். மீடியாவிக்கி ஏ.பி.ஐ.யில் ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியலை நேரம் குறிப்பிட்டு வாங்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் பழைய மாற்றங்கள் நிலையாக இருப்பதில்லை. விக்கிமீடியா தளங்களில் சில வாரங்களுக்குப் பிறகு நீங்கிவிடும். அதற்குள் ஒருமுறை ஓடும்படி தானியங்கி அட்டவணையில் போட்டுவிடுங்கள்.